படலைக்கு இப்பால்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியரிடமிருந்து வருவது இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் எழுதவுஞ் செய்தோம். அவ்வேளையில் வேறொரு பணியையும் சங்கத்தார் எம் தலையிற் சுமத்தினர். கல்லூரியைச் சூழவுள்ள ஊர்களில், தத்தம் வீடுகளிலேயே வாழ்ந்துவரும் 75 வயதைக் கடந்த பழைய மாணவர்க்கும் இளைப்பாறிய ஆசிரியர்க்கும் விழா அழைப்பிதழை நேரிற் கொண்டுசென்று கொடுத்தல் வேண்டும் என்பதே அப்பணி. தபாலில் அனுப்புவது மரியாதையன்று என்றார் செயலாளர். மூன்று வார இறுதிகளை மோட்டார்ச் சைக்கிளிற் கழித்து, முப்பதுக்கு மேற்பட்ட படலைகளைத் தட்டி வந்தபின், முன்னர் எழுதிய இலக்கிய வரிகள் எமக்கே சுவைக்கவில்லை. ஆதலால் அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வீடுகளிற் கண்டவற்றையும் அவற்றால் எழுந்த எண்ணங்களையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அழைப்பிதழைப் பெற்றவர்களுள் ஒருவரேனும் வரமாட்டேன் என்று கூறினாரல்லர். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து, இதழை இருமுறை படித்து, தங்காலத்து அதிபரின் பிரம்பைப் பற்றியும், விடுதிச் சாலைச் சாம்பாரைப் பற்றியும், மழையில் நின்றுபோன துடுப்பாட்டப் போட்டியைப் பற்றியும் கூறி மகிழ்ந்தனர். ஒருவர் எம்மை எழுந்து நிற்கச் செய்து கல்லூரிக் கீதம் முழுவதையும் பாடியே விட்டார். எனினும், விடைபெறும் வேளையில் ஏறக்குறைய அனைவர் வாயிலிருந்தும் வந்த சொல் ஒன்றுதான்: "பாப்பம் தம்பி." இச்சொல்லின் பொருளை எம்மூரில் அறியாதார் இலர். பெண் கேட்டு வந்தவருக்கும் கடன் கேட்டு வந்தவருக்கும் முகங்கோணாமற் கூறும் மறுமொழி அது.

வயது போய்விட்டது, வேறென்ன என்று இதனை முடித்துவிடுவோர் உளர். யாம் கண்டது அவ்வாறிருக்கவில்லை. ஓரூரில் அடுத்தடுத்த இரண்டு ஒழுங்கைகளில் வாழும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இளைப்பாறிய தபாலதிபர், வயது 79. மூட்டு நோவில்லை, நெஞ்சு நோவில்லை; நாடோறும் வளவைச் சுற்றி முப்பது முறை நடக்கின்றார். ஆயினும் அவர் தம் ஒழுங்கை முகப்பைத் தாண்டி ஓராண்டுக்கு மேலாகின்றது. மற்றவர் முன்னாளிற் சுருட்டுக் கொட்டில் நடத்தியவர், வயது 84, பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் வழங்கா. அவரோ ஊரில் எந்தச் செத்தவீட்டுக்கும் முதலாளாய்ச் சென்று முன்வரிசைக் கதிரையில் அமர்கின்றார். பேரன் ஓட்டோ வைத்திருக்கின்றான். படிகளில் தாத்தாவைத் தூக்கி வைக்க அவன் கூசுவதில்லை. தூக்கப்படுவதற்கு அவரும் கூசுவதில்லை. தபாலதிபருக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் கடல் கடந்தவர்கள். ஒழுங்கை சென்று சேரும் பெருந்தெருவில் வாகனங்கள் பறக்கின்றன. இரண்டாண்டுகளுக்கு முன் அத்தெருவைக் கடக்குங்கால் இடறி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. துணிவு மட்டும் போயிற்று.

விழுதல் என்பது முதுமையில் அரிய நிகழ்ச்சியன்று. 65 வயதைக் கடந்தவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டொன்றில் ஒரு முறையேனும் விழுகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறும். அங்ஙனம் விழுந்தபின் வருவதே பெருந்தீங்கு. மீண்டும் விழுவேன் என்ற அச்சத்தால் நடை குறையும். நடை குறையத் தசை மெலியும். தசை மெலிய மீண்டும் விழுதல் எளிதாகும். தபாலதிபர் வளவுக்குள் நடக்கும் முப்பது சுற்றுக்கள் தசையைக் காக்கின்றன என்பது மெய். ஆனால் அச்சுற்றுக்களில் அவர் ஒருவரையும் எதிர்ப்படுவதில்லை.

மேற்கூறிய நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வகைப்பாடொன்று உண்டு. உடலின் நிலை வேறு, ஒருவர் செய்யவல்ல செயல் வேறு, வாழ்க்கையின் நிகழ்ச்சிகளில் அவர் கொள்ளும் பங்கு வேறு என அது பிரித்துரைக்கும். இம்மூன்றன் மேலும் சூழல் தடையாகவோ துணையாகவோ நின்று தொழிற்படும் என்றுங் கூறும். சுருட்டுக் கொட்டிற்காரரின் உடல் தளர்ந்தது, செயல் குன்றியது, பங்கு குறையவில்லை. தபாலதிபருக்கு உடலுமுண்டு, செயலுமுண்டு, பங்கு போயிற்று. ஆங்கில நூல்கள் கூறும் மூன்றாவதனை நம் பாடநூலார் 'பங்குபற்றல்' என மொழிபெயர்த்துள்ளனர். நல்ல சொல் அது. பங்கு என்பது உரிமை. பற்றுதல் என்பது கையின் தொழில். கோயிலிலும் காணியிலும் உறுதி எழுதிப் பங்கு வைத்திருக்கும் கிழவர்கள் எம்மூரிற் பலர். பற்றுவதற்குத்தான் ஒரு கைப்பிடியும் காணோம்.

இனி, வேலியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தாரின் வேலியை எள்ளி நகையாடாத எழுத்தாளர் இலர். ஓரங்குல எல்லைக்காக உயர்நீதிமன்றம் வரை சென்ற கதைகளைக் கேட்டு யாமும் சிரித்திருக்கின்றோம். ஆயினும் அந்த வேலி கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நாட்டி, கிடுகாலும் பனையோலையாலும் அடைத்த வேலி. ஆண்டுதோறும் உக்கும், ஆண்டுதோறும் அடைக்க வேண்டும். அதில் எங்கேனும் ஓரிடத்திற் பொட்டு ஒன்று இருந்தே தீரும். அப்பொட்டுக்குள்ளாற் குனிந்து சென்றால் அடுத்த வீட்டுக் கிணற்றடி. பெண்கள், சிறப்பாக வயது முதிர்ந்த பெண்கள், தெருவிற் கால் வைக்காமலே ஐந்தாறு வளவுகளைக் கடந்து சென்று, கறிவேப்பிலை கொடுத்து, முருங்கைக்காய் வாங்கி, பிள்ளைப்பெறு வீட்டுக்குக் காயம் இடித்துக் கொடுத்து மீளுவர். பகை மூண்டால் பொட்டு அடைபடும்; பகை தணிந்தால் ஒருவருஞ் சொல்லாமலே திறபடும். ஊரின் மெய்யான வழிகள் அவை. நில அளவையாளரின் படத்தில் அவற்றைக் காண இயலாது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. திரும்பி வந்தபோது பல வளவுகளுக்கு வேலியே இருக்கவில்லை. சில ஊர்களுக்குத் திரும்பிச் செல்லவே இரண்டு தசாப்தங்களும் அதற்கு மேலும் ஆயின. பின்னர் 2009க்குப் பிந்திய ஆண்டுகளில் வெளிநாட்டுப் பணம் வந்தது. வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது. மதிலை ஆண்டுதோறும் அடைக்க வேண்டியதில்லை. ஓலைக்கும் கூலிக்கும் அலைய வேண்டியதில்லை. கள்ளருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மதில் கட்டியவர் ஒருவரையும் யாம் குறை கூறமாட்டோம். ஆனால் மதிலிற் பொட்டு விழுவதில்லை. யாம் சென்ற வீடொன்றில் 82 வயதுடைய ஆச்சி ஒருவர், பின்மதிலைக் காட்டி, "அங்காலை என்ரை சிநேகிதி இருக்கிறா. குரல் கேக்கும். போறதெண்டால் சந்தியாலை சுத்திப் போகவேணும்" என்றார். சந்தியாற் சுற்றினால் அரை மைல். மதிலின் தடிப்போ ஆறங்குலம். இருவரும் மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் கதிரை போட்டுக்கொண்டு மாலையிற் சத்தமிட்டுக் கதைப்பதுண்டாம். அண்மையில் மற்றவருக்குக் காது மந்தமாகியமையால் அதுவும் நின்றுவிட்டது.

மதிலோடு இரும்புப் படலை வந்தது. படலையோடு பூட்டு வந்தது. இப்போது முகட்டிற் கமராவும் வந்துவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மகன், தாய் முற்றங் கூட்டுவதைத் தன் கைத்தொலைபேசியிற் காண்கின்றான். அவர் சற்றுநேரம் கண்ணிற் படாவிடின் உடனே அழைக்கின்றான். அன்புதான்; ஐயமில்லை. ஒரு தாய் எம்மிடம் மெல்லச் சொன்னார்: "அவன் பாக்கிறான் எண்டு தெரிஞ்சபிறகு நான் முத்தத்திலை குந்தியிருக்கிறதில்லை தம்பி."

இவ்வன்பினால் விளையும் மற்றொரு தடையையும் ஈண்டுக் கூறாது விடலாகாது. வயது முதிர்ந்தவர் கையிலிருந்து வேலைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்வதை நாம் பணிவிடை என்று கருதுகின்றோம். "நீங்கள் இருங்கோ அம்மா, அவள் செய்வாள்." தேங்காய் துருவுதல் போயிற்று, அரிசி கொழித்தல் போயிற்று, பூக்கொய்தல், மரத்துக்குத் தண்ணீர் வார்த்தல், சங்கக்கடைக்குச் சென்று சீனி வாங்குதல் எல்லாம் போயின. ஒரு வீட்டில் மாதச் சம்பளத்துக்கு வைத்த பெண் ஒருத்தி அரிசியைச் சுளகில் இட்டுத் தப்புந் தவறுமாகப் புடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தலைவியாகிய மூதாட்டியார் சாய்மனைக் கதிரையிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைவிரல்கள் மடியின் மீது அச்சுளகின் அசைவுக்கேற்பத் தாமே அசைந்துகொண்டிருந்தன. மருத்துவர் அவரைப் பாரந் தூக்க வேண்டாம் என்றாராம். சுளகு என்ன பாரம்? 81 ஆண்டுகள் வாழ்ந்தவர் எனப் போற்றப்படும் திருநாவுக்கரசரின் உருவத்தை உழவாரப் படையோடன்றி நாம் எங்கேனும் வைத்து வணங்குகின்றோமா? அப்பெருமானிடத்தும், "ஐயா இருங்கோ, புல்லை நாங்கள் செதுக்கிறம்" என்று எவரும் கருவியை வாங்கி வைத்திருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

செவியைப் பற்றித் தமிழாசிரியன் கூறுவதற்கு ஒன்று உண்டு. முதுமையில் வரும் செவிமந்தம் எல்லா ஒலிகளையும் ஒருபடித்தாகக் குறைப்பதன்று. உயர்ந்த சுருதியுடைய ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரொலிகள் வலியன, பெரும்பாலும் தாழ்ந்த சுருதியின. மெய்யொலிகளிற் பல மெலியன, சுருதியில் உயர்ந்தன. எனவே முதியவருக்கு உயிர் கேட்கும், மெய் கேளாது. பாகம், பாசம், பாதம் ஆகிய மூன்றும் அவர் செவிக்கு ஒரே சொல். பேசுகின்றார்கள் என்பது தெரிகின்றது. என்ன பேசுகின்றார்கள் என்பது தெரிவதில்லை. நாமோ குரலை உயர்த்துகின்றோம். குரலை உயர்த்த உயிரே மேலும் பெருக்கிறது. மெய் முன்போலவே நிற்கின்றது. அதற்கு மேல் அதட்டுவது போன்ற தோற்றமும் சேர்ந்துகொள்கின்றது. முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் நின்று, ஆறுதலாகப் பேசினாற் போதும். இலக்கணம் படிப்பிக்கும் வகுப்பில் இதனை ஒரு பாடமாகவே யாம் இப்போது கூறி வருகின்றோம். மாணாக்கர் தங்கள் பாட்டன்மாரிடம் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து வியக்கின்றனர்.

கோயிற் பரிபாலன சபையொன்றில் நெடுங்காலம் கணக்கு வைத்திருந்த ஒருவர் கூட்டங்களுக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். மனத்தாங்கல் என்றனர் ஊரார். புதிய தலைவரோடு ஒத்துப்போகவில்லை என்றனர். உண்மை வேறு. பலர் ஒருங்கே பேசும் இடத்தில் அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இருமுறை பொருந்தா மறுமொழி கூறியபோது இளைஞர் சிரித்தனர். அத்துடன் அவர் எழுந்து வந்துவிட்டார். காது கேளாது என்பதைவிடக் கோபம் என்று பெயரெடுப்பது அவருக்கு மேலாகத் தோன்றியிருக்கிறது. இவ்வாறு கோபக்காரர் என்று நாம் எழுதிவைத்திருக்கும் எத்தனை பேர் உண்மையிற் செவிமந்தமுடையோர் என்பதை யாரறிவார்!

கூறக் கூசும் காரணம் ஒன்றும் உண்டு. மலரின் பக்கத்தில் இதனை எழுதலாமோ எனச் சிறிது தயங்கினோம். எனினும், யாம் சென்ற வீடுகளில் மிகப் பலரைக் கட்டிப்போட்டிருந்தது இதுவேயாதலின் எழுதுகின்றோம். ஆண்களுக்கு முதுமையிற் சுக்கிலச் சுரப்பி வீங்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும், அடக்கவும் இயலாது. எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், வயது 86, இதனை ஒரு கணக்காகவே எம்மிடம் எடுத்துரைத்தார். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவருக்கு மலசலகூடம் வேண்டும். அது நூறு யாருக்குள் இருத்தல் வேண்டும். குந்தும் வகையினதாயின் முழங்கால் மடங்காது, மடங்கினும் எழ முடியாது, கொமட் வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர் செல்லக்கூடிய இடங்கள் எவை? விடையை அவரே கூறினார்: வீடு, மூத்த மகள் வீடு, தனியார் வைத்தியசாலை ஒன்று. கலியாண மண்டபங்களிலும் புதியன சில உண்டு. "கோயில், பள்ளிக்கூடம், கச்சேரி, வாசிகசாலை எல்லாம் கழிபட்டுப் போச்சு" என்று சிரித்தார். வெளியே செல்ல வேண்டிய நாள்களில் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். வெயிற் காலத்தில் அவ்வயதினர் இவ்வாறு செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் அறிவோம்.

சில காரணங்கள் சிறியன போலத் தோன்றும். முன்னாளில் ஓய்வூதியம் வாங்கும் நாள், இளைப்பாறியோர் ஒன்றுகூடும் நாளாயிருந்தது. வெள்ளை வேட்டியும் குடையுமாய் வரிசையில் நின்றவர்கள் அந்த வரிசையிலேயே அம்மாதத்து அரசியல் முழுவதையும் பேசித் தீர்த்தனர். இப்போது பணம் வங்கிக் கணக்கில் தானே விழுகின்றது. வசதிதான். உயிரோடிருக்கின்றார் என்ற சான்றை மட்டும் ஆண்டுக்கொரு முறை அளித்தாற் போதும். பேருந்தின் முதற்படி முழங்காலளவு உயரம். ஏறுமுன் நடத்துநர் மணியடித்து விடுகின்றார். புகையிரத இலாகாவிற் பணியாற்றி இளைப்பாறியவர் ஒருவர், 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியதைப் பையனாக நின்று பார்த்தவர். 1990இல் வண்டி நின்றபோது அழுதாராம். 2014 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் வரை மீண்டும் வந்த செய்தியை வானொலியிற் கேட்டவர் இன்றுவரை அதில் ஏறவில்லை. தெருவுக்கும் புகையிரத மேடைக்கும் இடையே எத்தனை படிகள் என்பதை எம்மிடம் விசாரித்தார். யாம் எண்ணியதில்லை.

ஆசிரியர் ஒருவரின் மனைவியார், கைம்பெண், வயது 77. அவருக்குக் கண்ணுங் குறைவில்லை, காலுங் குறைவில்லை. நாடோறும் தோட்டத்திற் கீரை பறிக்கின்றார். பேத்தியின் பொன்னுருக்கலுக்கு அவர் அறைக்குள் இருந்தாராம். வெளியே வரக் கூடாதென்று ஒருவரும் கூறவில்லை. வாருங்கள் என்றும் ஒருவர் கூறவில்லை. படியும் சாய்தளமும் இத்தடைக்குப் பயன்படா. நூறாண்டாகப் பெண்கல்வி பேசிய ஊரில், பட்டம் பெற்ற பேத்தி மணையிலிருக்கப் பாட்டி கதவுக்குப் பின்னால் நிற்பது எமக்கு வெட்கமாயிருக்கிறது. யூபிலி விழாவின் மங்கல விளக்கில் ஒரு திரியை அவர் ஏற்ற வேண்டும் என்று யாம் கேட்டோம். அவர் ஆமென்றும் கூறவில்லை, அன்றென்றும் கூறவில்லை, தேநீர் கொண்டுவர உள்ளே சென்றுவிட்டார்.

அரசு ஒன்றுஞ் செய்யவில்லை என்று கூறுதல் நீதியாகாது. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் எனக் காணப்பட்டது; அத்தொகை அதன்பின் ஏறியே வருகின்றது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக வந்தது. பொதுக் கட்டிடங்களில் யாவரும் அணுகி நுழைய வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. கிராமந்தோறும் முதியோர் சங்கங்களும் உள. அவற்றின் கூட்டங்களுக்கு யாமும் சென்றிருக்கின்றோம். ஆடலும் பாடலும் நன்று. ஆனால் அங்கு வருவோர் வரக் கூடியவர்கள். வர இயலாதவருடைய குறையை வந்தவரிடம் கேட்டறிய முடியாதன்றோ.

புறநானூற்றில் 243ஆம் பாட்டு, கோலூன்றிய கிழவர் ஒருவர் இளமையில் மடுவிற் பாய்ந்து விளையாடியதை நினைந்து இரங்குவது. பாடியவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. அப்பாட்டில் அவர் தம் கைத்தடியைக் கூறிய தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கி வருகின்றோம். வகுப்பில் இதனைப் பன்னெடுநாள் படிப்பித்திருக்கின்றோம். ஆனால் அம்முதியவரைக் குளத்தங்கரைக்கு யார் அழைத்துச் சென்றார்கள் என்று இவ்வாண்டுதான் ஒரு மாணவன் கேட்டான்.

இனி யூபிலிச் சபையில் நடந்ததைக் கூறுவோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கிளைகள் அனுப்பிய பணத்தில் முகப்பு வளைவு ஒன்று கட்டுவதென முன்னரே தீர்மானமாகியிருந்தது. யாம் எழுந்து, எம் மூன்று வாரப் பயணத்தைச் சுருக்கிக் கூறி, பிரதான மண்டபத்துக்குச் சாய்தளமும், அதன் அருகே கொமட் வைத்த மலசலகூடமும் முதலில் அமைக்க வேண்டும் என்றோம். பத்தாம் வகுப்பு மாணாக்கரைக் கொண்டு முன்கூட்டியே அளந்து வைத்திருந்தோம். மண்டபத்துப் படிகள் ஐந்து, ஒவ்வொன்றும் ஆறங்குலம், ஆக உயரம் இரண்டரையடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. எனவே 30 அடிச் சாய்தளம். மலசலகூடமோ மண்டபத்திலிருந்து விளையாட்டிடத்தைக் கடந்து 140 யார்.

சபையில் எதிர்ப்பு எழுந்தது; எழுதாமல் விடுதல் நேர்மையன்று. ஒருநாள் விழாவுக்கு வரும் சில முதியவர்க்காக இத்தனை செலவா என்றார் ஒருவர். வளைவு நூறாண்டு நிற்கும் என்றார் மற்றொருவர். பழைமை வாய்ந்த மண்டபத்தின் முகப்பு அழகு கெடும் என்றார் வேறொருவர். அதில் உண்மை இல்லாமலில்லை. அவ்வேளையில், எம்மினும் பத்தாண்டு மூத்த பழைய மாணவர் ஒருவர், இதுவரை வாய் திறவாதிருந்தவர், தம் காற்சட்டையைச் சிறிது உயர்த்தினார். 2009க்கு முந்திய ஏதோ ஓர் ஆண்டிற் போன காலுக்குப் பதிலாகப் பொருத்திய கால் அது. முப்பதாண்டாக இச்சபைக்கு வந்துபோகும் அவரை அந்நிலையில் எம்மிற் பலர் அறிந்திருக்கவில்லை. "ஐஞ்சு படியும் எனக்குப் பாடம்" என்று மட்டும் கூறி அமர்ந்தார். வளைவின் உயரத்தைக் குறைத்து, மிகுந்த பணத்தில் சாய்தளமும் மலசலகூடமும் கட்டுவதென ஒப்புக்கொள்ளப்பட்டது. சாய்தளம் முகப்பில் அமையாது. கிழக்குப் பக்க வாயிலில் அமைகின்றது. யாம் விரும்பியது முகப்பு வாயில். முதியவர் பக்கவாயிலால் நுழைவதும், வளைவுக்குக் கீழாற் செல்லாததும் எமக்கு இன்னும் உறுத்தலாகவே உள்ளன, ஆயினும் இணங்கினோம்.

வேறு சிலவும் எளிதில் முடிந்தன. நிகழ்ச்சி நிரல் பெரிய எழுத்தில் அச்சாகின்றது. மாலை விழா காலைக்கு மாறியது. இருட்டில் திரும்பிச் செல்லும் அச்சம் பலருக்கு இருந்தது. ஒவ்வொரு முதியவர்க்கும் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் துணையாகக் குறிக்கப்பட்டுள்ளான். அவன் வீட்டுக்கே ஓட்டோவிற் சென்று அழைத்து வந்து, மீண்டும் கொண்டுபோய் விடுவான். தபாலதிபருக்குக் குறிக்கப்பட்டவன், இப்போதே மாலைகளிற் சென்று அவரோடு ஒழுங்கை முகப்புவரை நடந்து வருகின்றானாம். பெருந்தெருவை அவர்கள் இன்னும் கடக்கவில்லை.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் இவ்வேளையில் சாய்தளத்துக்குக் கொங்கிறீற் இட்டாயிற்று. கைப்பிடிக் குழாய் பொருத்துவது எஞ்சியுள்ளது. நேற்றிரவு கணித ஆசிரியர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். புதிய மலசலகூடம் மண்டபத்திலிருந்து எத்தனை யார் என்று கேட்டார். 22 யார் என்றோம். அளந்ததோ, மதித்ததோ என்றார். அளந்தது, சேர் என்றோம். சிறிதுநேரம் ஒலியில்லை. பின்னர், "சரி. முன்வரிசை வேண்டாம். கடைசி வரிசையிலை, கிழக்கு வாசலோரமா ஒரு கதிரை போட்டுவையும்" என்று கூறித் தொலைபேசியை வைத்தார்.